நிறுத்திய சம்பள செக்கை யாரோ பணமாக்கிவிட்டார்கள்: பொறுப்பு யார் தலையில்?

கதை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமை சம்பள செக் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை ஊழியர் வந்து "செக் தொலைந்துபோச்சு" என்கிறார். முதலாளி வங்கியைக் கூப்பிட்டு, அந்தச் செக் வந்தால் பணம் கொடுக்காதே என்று ஸ்டாப் பேமெண்ட் போடுகிறார், கையோடு மாற்றுச் செக்கும் எழுதிக் கொடுக்கிறார். கொஞ்ச நாள் கழித்து ஒரு செக் மாற்றும் கடையிலிருந்து போன் வருகிறது: "உங்கள் செக்குக்கு நாங்கள் பணம் கொடுத்துவிட்டோம். வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. எங்கள் பணத்தைக் கொடுங்கள்." இன்னொரு வகையும் உண்டு. போன் எதுவும் வராது. ஸ்டேட்மெண்டைத் திறந்தால் நிறுத்திய செக்கும் கழிந்திருக்கும், மாற்றுச் செக்கும் கழிந்திருக்கும்.

"நான்தான் நிறுத்திவிட்டேனே, அப்புறம் எனக்கென்ன?" என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். அமெரிக்கச் சட்டத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பல முதலாளிகளுக்குப் பிடிப்பதில்லை. அங்கே சிறு தொழில் நடத்துகிறவர்களும், அவர்களுக்குக் கணக்கு எழுதுகிறவர்களும் இந்தச் சிக்கலில் மாட்டினால் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். செக் தொடர்பான சட்டம் யூனிபார்ம் கமர்ஷியல் கோடு, சுருக்கமாக யூ.சி.சி. அதன் 3ஆம், 4ஆம் பகுதிகள்தான் நமக்கு வேண்டியவை. மாநிலங்கள் அதைத் தனித்தனியாகச் சட்டமாக்கியிருப்பதால் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கும். நியூயார்க்கில் 3ஆம் பகுதி பழைய வடிவில் இருப்பதால் பிரிவு எண்களே மாறும். தொகை பெரிதென்றால் உங்கள் மாநில வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

ஸ்டாப் பேமெண்ட் எதைச் செய்யாது

ஸ்டாப் பேமெண்ட் என்பது நீங்கள் உங்கள் வங்கிக்குக் கொடுக்கும் உத்தரவு, அவ்வளவுதான். செக் அதனால் செத்துப்போவதில்லை. செக்கில் கையெழுத்துப் போட்டவுடனே நீங்கள் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டீர்கள்: வங்கி இதைத் திருப்பினால், வாங்க உரிமையுள்ளவருக்கு நானே கொடுப்பேன் என்று (யூ.சி.சி. 3-414). வங்கிக்கு நீங்கள் போட்ட உத்தரவு அந்த வாக்கைத் தொடுவதே இல்லை.

ஊழியரே வந்து அந்தச் செக்கை நீட்டினால் பிரச்சினை இல்லை. "உனக்குத்தான் மாற்றுச் செக் கொடுத்தேனே" என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் செக் இன்னொருவர் கைக்குப் போய், அவர் உள் விவகாரம் தெரியாமல் நல்லெண்ணத்தில் காசு கொடுத்து வாங்கியிருந்தால், உங்கள் வாதம் அவரிடம் எடுபடாது. சட்டம் அவரை ஹோல்டர் இன் டியூ கோர்ஸ் என்கிறது (3-302). செக் மாற்றும் கடைகள் தைரியமாகப் போன் செய்வது இந்தப் பலத்தில்தான். ஆகவே "எப்போது நிறுத்தினேன்" என்பதைவிட "செக் யார் கைக்கு, எந்த நிலையில் போனது" என்பதுதான் வழக்கைத் தீர்மானிக்கும்.

படி 1: செக்கின் பின்பக்கத்தைப் பாருங்கள்

யாரோடும் சண்டைக்குப் போகும் முன் வங்கியின் இணையதளத்திலிருந்து செக்கின் முன், பின் இரண்டு பக்கப் படங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். செக் திரும்பி வந்து, படம் உங்களுக்குக் கிடைக்கவில்லையென்றால், பணம் கேட்கும் கடையிடம் இரண்டு பக்க நகலையும் கேளுங்கள். நகல் காட்டாதவருடன் தொகையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

முன்பக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பின்பக்கத்தை மெதுவாகப் படியுங்கள். மேலே ஊழியரின் கையெழுத்து இருக்கும். அதை அவருடைய வேலை விண்ணப்பம், ஐ-9 படிவம் (வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் படிவம்) போன்றவற்றில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிடுங்கள். அதற்குக் கீழே கடையின் முத்திரை இருந்தால் கடை வழியாகப் போயிருக்கிறது. "மொபைல் டெபாசிட்டுக்கு மட்டும்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் போன் வழியாக டெபாசிட் ஆகியிருக்கிறது. அச்சிட்டது போல ஒரு ஒன்பது இலக்க எண்ணும் தேதியும் தெரிந்தால், அது செக்கை முதலில் ஏற்ற வங்கியின் ரவுட்டிங் எண். அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாம் அதைச் சுற்றித்தான் நடக்கும். பின்பக்கத்தில் இப்படி எதுவும் இல்லாமல் உங்கள் வங்கியின் டெல்லர் (கவுண்டர் காசாளர்) அடையாளம் மட்டும் இருந்தால், ஊழியர் உங்கள் வங்கிக் கவுண்டரிலேயே நேராகப் பணம் வாங்கியிருக்கிறார் என்று பொருள். அது உங்களுக்கு மிகச் சாதகமான செய்தி. காரணம் கீழே வருகிறது.

படி 2: தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்

செக் தேதி, கொடுத்த நாள், ஊழியர் தொலைந்ததாகச் சொன்ன நாள், ஸ்டாப் போட்ட நாளும் மணியும், மாற்றுச் செக் கொடுத்த நாள், பழைய செக்கை யாரோ பணமாக்கிய நாள், உங்கள் கணக்கில் கழிந்த அல்லது திரும்பிய நாள். மணி வரைக்கும் முக்கியம் என்று சொல்வதற்குக் காரணம், வங்கி உங்கள் உத்தரவின்படி செயல்பட நியாயமான அவகாசம் கிடைத்திருக்க வேண்டும் என்பது விதி. செக்குக்கு ஏற்கெனவே பணம் கொடுத்த பிறகோ, வங்கி நிர்ணயித்த கட்-ஆஃப் நேரம் தாண்டிய பிறகோ வந்த உத்தரவு காலம் கடந்தது (4-303). காலை 9 மணிக்குப் போட்டீர்களா, மாலை 5 மணிக்குப் போட்டீர்களா என்பதில் முழுத் தொகையும் தொங்கும் சந்தர்ப்பம் உண்டு.

படி 3: உங்கள் ஸ்டாப் உத்தரவு உயிரோடு இருந்ததா?

வாயால் போனில் சொன்ன உத்தரவு 14 காலண்டர் நாட்களில் காலாவதியாகும், அதற்குள் எழுத்தில் உறுதிப்படுத்தாவிட்டால். எழுத்தில் கொடுத்தது ஆறு மாதம் நிற்கும், புதுப்பிக்கலாம் (4-403). பலர் மாட்டிக்கொள்வது இந்த ஆறு மாதத்தில்தான். ஏழாவது மாதம் பழைய செக் வந்தால் வங்கி அதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆறு மாதம் தாண்டிய செக் பழசு என்பதால். ஆனால் நல்லெண்ணத்தில் கொடுத்துவிட்டால் அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது (4-404).

அடுத்து விவரம் சரியாக இருந்ததா என்று பாருங்கள். வங்கிக் கணினி கணக்கு எண், செக் எண், தொகை இவற்றை வைத்துத்தான் பிடிக்கிறது. 1,184.36 டாலரை 1,148.36 என்று சொல்லியிருந்தால், வங்கி "நீங்கள் சொன்ன செக் இது இல்லை" என்று கைகழுவப் பார்க்கும். எல்லா நேரமும் அந்த வாதம் ஜெயிக்காது. செக்கை நியாயமான உறுதியோடு அடையாளம் காட்டினால் போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனாலும் உத்தரவின் உறுதிப்படுத்தல் பக்கத்தை அச்செடுத்து ஒரு எழுத்து விடாமல் படியுங்கள்.

பேரோல் நிறுவனம் உங்களுக்காகச் சம்பளம் போடுகிறதென்றால் ஒரு விஷயம். சில நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே செக் கொடுக்கின்றன. அப்படியென்றால் வங்கிக்கு ஸ்டாப் உத்தரவு போடும் உரிமை அவர்களுடையது, உங்களுடையது அல்ல. உங்கள் வங்கியைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அது யார் காதிலும் விழவில்லை.

படி 4: வங்கி கொடுத்துவிட்டதா, திருப்பிவிட்டதா?

இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. வங்கி உத்தரவை மீறிப் பணம் கொடுத்திருந்தால் உங்கள் முதல் சண்டை வங்கியோடு. வங்கி சரியாகத் திருப்பியிருந்தால் வங்கி தன் வேலையைச் செய்துவிட்டது, சண்டை கடையோடு.

வங்கி கொடுத்துவிட்டால்

"உத்தரவை மீறினாய், பணத்தைத் திருப்பி வை" என்று கேட்டால் போதும் என்று தோன்றும். போதாது. 4-403இன் மூன்றாவது உட்பிரிவு, உத்தரவை மீறிப் பணம் கொடுத்ததால் உங்களுக்கு உண்மையில் நஷ்டம் ஏற்பட்டது, அது இவ்வளவு என்று நிரூபிக்கும் பொறுப்பை உங்கள் தலையில் வைக்கிறது. அதோடு 4-407 வங்கியின் கையில் ஒரு நல்ல ஆயுதத்தைக் கொடுத்திருக்கிறது. பணம் கொடுத்த வங்கி, செக்கை வைத்திருந்தவரின் உரிமைக்குள் தானே போய் நின்றுகொள்ளலாம்.

நடைமுறையில் இது எப்படி விளையாடுகிறது என்று பாருங்கள். பழைய செக்கை ஊழியர் ஒரு செக் மாற்றும் கடையில் கொடுத்தார். கடைக்கு எதுவும் தெரியாது, நல்லெண்ணத்தில் பணம் கொடுத்தது. உங்கள் வங்கி ஸ்டாப்பைக் கவனிக்காமல் கடைக்குப் பணம் கொடுத்துவிட்டது. நீங்கள் வங்கியைக் கேட்கிறீர்கள். வங்கி சொல்லும்: "நான் உன் சொல்படி திருப்பியிருந்தால் கடை உன்மேல் வழக்குப் போட்டு வாங்கியிருக்கும். எப்படியும் நீ கொடுக்கத்தான் போகிறாய். ஆகவே என்னால் உனக்கு நஷ்டமே இல்லை." கேட்க எரிச்சலாக இருக்கும், ஆனால் சட்டப்படி பலமான வாதம்.

அதனால்தான் படி 1இல் பின்பக்கத்தை அப்படிப் பார்க்கச் சொன்னேன். ஊழியர் உங்கள் வங்கியின் சொந்தக் கவுண்டரிலேயே பணம் வாங்கியிருந்தால் நடுவில் அப்பாவியான மூன்றாவது ஆள் யாரும் இல்லை. மாற்றுச் செக்கை வாங்கிக்கொண்ட ஊழியர், விவரம் தெரியாமல் பழையதை வாங்கினேன் என்று சொல்ல முடியாது. வங்கி புகுந்துகொள்ள நல்ல உரிமை எதுவும் மிஞ்சாது. நீங்கள் இரண்டு முறை கொடுத்திருக்கிறீர்கள், நஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த நிலையில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஊழியர் தன் வங்கிக் கணக்கில் டெபாசிட் செய்திருந்தால் நடுநிலை. அவருடைய வங்கி அந்தப் பணத்தை எடுக்க விட்டிருந்தால் அந்த வங்கியே ஹோல்டர் இன் டியூ கோர்ஸ் ஆகலாம். வெறுமனே கணக்கில் வரவு வைத்து, பணம் எடுபடாமல் கிடந்திருந்தால் அந்த வாதம் வலுவிழக்கும்.

உண்மையிலேயே கொடுக்க வேண்டிய சம்பளத்துக்கான செக்கை நீங்கள் மனஸ்தாபத்தில் நிறுத்தியிருந்தால்? மாற்றும் கொடுக்கவில்லையென்றால்? வங்கி தவறுதலாகக் கொடுத்தாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை. கடன் தீர்ந்தது, அவ்வளவே. வங்கியிடம் கேட்க ஒன்றுமில்லை.

வங்கிக்குக் கடிதம் எழுதும்போது மேலே சொன்ன தேதிப் பட்டியல், ஸ்டாப் உறுதிப்படுத்தல், இரண்டு செக்குகளின் இரு பக்கப் படங்கள், ஊழியர் "தொலைந்தது" என்று எழுதிக் கொடுத்த தாள், எல்லாவற்றையும் சேர்த்து "மாற்றுச் செக்கும் கழிந்துவிட்டதால் இந்தத் தொகை எனக்கு இரட்டிப்புச் செலவு" என்று ஒரு வரியில் எழுதுங்கள். கோபம் வேண்டாம். வங்கிப் படிவத்தில் "ஸ்டாப் தவறினால் வங்கி பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் இருக்கலாம். அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். சாதாரண கவனத்தைக்கூட எடுக்காததற்கான பொறுப்பிலிருந்து வங்கி ஒப்பந்தம் போட்டுத் தப்பிக்க 4-103 விடாது. ஆனால் ஸ்டேட்மெண்டில் தவறைத் தெரிவிக்க எத்தனை நாள் என்று ஒப்பந்தம் சொல்கிறதோ, அதைத் தவறவிடாதீர்கள்.

பணம் திரும்ப வந்தால் வங்கி ஊழியரைத் துரத்தும். உங்கள் உரிமைக்குள் நின்று ஊழியரிடம் கேட்கவும் அதே 4-407 வழி விடுகிறது. உங்களிடம் உறுதிமொழிப் பத்திரம் கேட்டால் மறுக்காமல் கொடுங்கள்.

வங்கி திருப்பிவிட்டால்: கடை வாசலில் வந்து நிற்கிறது

பெரும்பாலும் போன்தான், அப்புறம் கடிதம், அப்புறம் சிறு வழக்கு மன்றம். கடை தானே வராமல், திரும்பிய செக்குகளை மொத்தமாக விலைக்கு வாங்கி வழக்குப் போடுகிறவர்களிடம் விற்றும் விடலாம். நியூஜெர்சியில் இது ஒரு தொழிலாகவே நடந்திருக்கிறது. 1997இல் அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று நம் கதைக்கு மிக நெருக்கம். தொழிலாளர் இழப்பீட்டுக்காகக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்த டிராஃப்ட் (செக் போன்ற பண உத்தரவு) வந்து சேரவில்லை என்று பெற்றவர் சொன்னார். நிறுவனம் அதை நிறுத்தி மாற்று அனுப்பியது. அவரோ பழையதை ஒரு கடையில் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டார். திரும்பி வந்த டிராஃப்டைக் கடையிடமிருந்து வாங்கியவர் வழக்குப் போட்டார், ஜெயித்தார். திரும்பியது என்று தெரிந்தே வாங்கினார் என்பது அவருக்குத் தடையாகவில்லை. கடைக்கு இருந்த உரிமை அப்படியே அவருக்கும் வந்துவிடும் என்கிறது சட்டம் (3-203).

கடைசி தேதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். திரும்பிய நாளிலிருந்து 3 வருடம், செக் தேதியிலிருந்து 10 வருடம், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை வழக்குப் போடலாம் (3-118). ஆகவே இரண்டு வருடம் கழித்து வரும் கடிதத்தைப் பார்த்து "இது பழைய கதை" என்று குப்பையில் போடாதீர்கள்.

சரி, கடை கேட்டதும் கொடுத்துவிட வேண்டுமா? இல்லை. கடை உண்மையில் அந்தப் பாதுகாப்புக்குத் தகுதியானதா என்று சோதியுங்கள். நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை.

கையெழுத்து ஊழியருடையதுதானா? தபாலில் திருடிய செக்கில் வேறொருவன் ஊழியர் பெயரைப் போலியாக எழுதியிருந்தால் எல்லாமே தலைகீழாகும். போலி ஒப்பத்தோடு வாங்கிய கடை சட்டப்படி அந்தச் செக்கை உடையவரே ஆகாது, ஹோல்டர் இன் டியூ கோர்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. நஷ்டம் போலியை ஏற்றவரிடம் போய் நிற்கும். உங்கள் வங்கி கொடுத்திருந்தாலும் அது சரியான கொடுப்பனவு அல்ல. ஊழியரிடம் போலி ஒப்பம் பற்றி உறுதிமொழி வாங்கி உடனே வங்கியில் கொடுங்கள். ஆனால் உங்கள் அலுவலகக் கணக்காளரே இல்லாத ஊழியர் பெயரில் செக் எழுதி ஏமாற்றியிருந்தால், பெரும்பாலும் அந்த நஷ்டம் உங்களிடமே தங்கும் (3-404, 3-405).

செக் தேதியிலிருந்து 90 நாள் தாண்டிய பிறகு கடை வாங்கியதா? அப்படியென்றால் அது காலம் கடந்த செக் (3-304). காலம் கடந்ததை வாங்கியவருக்கு இந்தச் சலுகை கிடையாது. "மாற்றுச் செக் கொடுத்துவிட்டேன்" என்ற உங்கள் வாதம் உயிர்பெறும். சம்பளச் செக்கின் முகத்தில் "90 நாளுக்குப் பின் செல்லாது" என்று அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது.

செக் நிறுத்தப்பட்டது கடைக்கு முன்பே தெரியுமா? ஊழியர் வழக்கமாகப் போகும் கடை தெரிந்திருந்து, நீங்கள் முன்கூட்டியே போன் செய்து சொல்லியிருந்தால், போன் செய்த நாள், பேசியவர் பெயர் எல்லாம் இப்போது பொன் மாதிரி.

கடை நியாயமான வணிக முறைப்படி நடந்ததா? 2002இல் புளோரிடாவில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு செக் மாற்றும் கடைக்கு 10,000 டாலர் தனிநபர் செக்கில் இந்தப் பாதுகாப்பை மறுத்தது. அவ்வளவு பெரிய செக்கை வங்கியை விட்டுவிட்டுக் கட்டணம் கொடுத்துக் கடையில் மாற்ற வருவதே சந்தேகத்துக்குரியது, கடை நிதானித்திருக்க வேண்டும் என்பது அதன் பார்வை. ஆனால் இதைப் பெரிதாக நம்பாதீர்கள். சில நூறு டாலர் சம்பளச் செக் என்பது அந்தக் கடைகளின் அன்றாடச் சரக்கு. அடையாள அட்டை பார்த்து, நகல் எடுத்து வைத்திருந்தால், கடை பெரும்பாலும் தப்பிக்கும்.

இதில் எதுவும் உதவவில்லையென்றால், என் அபிப்பிராயம், சீக்கிரம் பேசி முடியுங்கள். வழக்கு வரைக்கும் இழுத்தால் வட்டியும் செலவும் கூடும். கலிபோர்னியாவில் நல்லெண்ணத் தகராறு இல்லாமல் நிறுத்திய செக்குக்கு மூன்று மடங்கு தண்டம் கேட்க வழியிருக்கிறது, குறைந்தபட்சம் 100, அதிகபட்சம் 1,500 டாலர், செக் தொகைக்கு மேலே. கடைக்குக் கொடுக்கும்போது மூன்று விஷயம்: அசல் செக்கைக் கையில் வாங்குங்கள், முழுதும் தீர்ந்தது என்று எழுதி வாங்குங்கள், கடை ஊழியரிடம் ஏற்கெனவே ஏதாவது வசூலித்திருந்தால் அதைக் கழியுங்கள். ஊழியரும் செக்கில் ஒப்பமிட்டவர் என்பதால் அவரும் கடைக்குப் பொறுப்பாளிதான் (3-415). இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்ளும் கடைகள் இல்லாமல் இல்லை.

போனில் டெபாசிட் செய்துவிட்டு அசலையும் மாற்றினால்

இது புது வகை. ஊழியர் செக்கைப் படம் பிடித்து வங்கிச் செயலியில் டெபாசிட் செய்கிறார், அசல் காகிதம் கையிலேயே இருக்கிறது. சில நாள் கழித்து அதைக் கடையில் மாற்றுகிறார். ஒரே செக் எண் இரண்டு முறை உங்கள் வங்கிக்கு வருகிறது. இரண்டாவதை வங்கி திருப்பினால் கடை உங்களிடம் வரும்.

2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும், அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ரெகுலேஷன் சி.சி. என்ற விதியின் திருத்தம், படம் பிடித்த டெபாசிட்டை ஏற்ற வங்கி, பின்னால் அசல் காகிதத்தை ஏற்ற வங்கியின் நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்கிறது. அசல் செக்கின் பின்னால் "மொபைல் டெபாசிட்டுக்கு மட்டும்" என்ற கட்டுப்பாடு எழுதியிருந்தும் அதை ஏற்றிருந்தால் இந்த ஈடு கிடையாது. இந்த உரிமை வங்கிகளுக்கிடையிலானது, உங்களுக்கு நேரடியாகக் கிடைப்பதல்ல. ஆனாலும் கடைக்காரரிடம் "உங்கள் வங்கி மூலமாக முதல் டெபாசிட்டை ஏற்ற வங்கியிடம் கேளுங்கள்" என்று சொல்ல இது நல்ல பிடி. பல தகராறுகள் அந்த இடத்திலேயே உங்கள் மேசையிலிருந்து நகர்ந்துவிடும்.

படி 5: ஊழியரிடம் திரும்ப வாங்குவது

கடைசியில் இரண்டு முறை பணம் வாங்கியவர் ஊழியர். நியாயப்படி அவர்தான் கொடுக்க வேண்டும். ஆனால் வழியில் சம்பளச் சட்டம் நிற்கிறது, அதைக் கவனிக்காமல் அடுத்த சம்பளத்தில் மொத்தத்தையும் பிடித்துவிட்டால் ஒரு நஷ்டம் இரண்டாகும்.

மத்திய தொழிலாளர் துறை, கூடுதலாகப் போய்விட்ட சம்பளத்தை முன்பணம் போலக் கருதி, அசலைப் பின்னால் வரும் சம்பளத்தில் கழிக்க விடுகிறது. மாநிலங்கள் பல அவ்வளவு தாராளமாக இல்லை. கலிபோர்னியாவில் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கைவைக்காதீர்கள். வேலையை விட்டுப் போகிறவரின் கடைசிச் சம்பளத்தில் கடன் முழுவதையும் ஒரே மூச்சில் கழிப்பதை அங்கே நீதிமன்றம் 1981லேயே ஏற்கவில்லை. நியூயார்க்கில் சம்பளப் பிடித்தம் எதற்கெல்லாம் செய்யலாம் என்பதே சட்டத்தில் குறுகலாக எழுதியிருக்கிறது, வெறும் கணக்குப் பிழையைச் சரிசெய்யக்கூட முன்னறிவிப்பு வேண்டும்.

பாதுகாப்பான வரிசை இது. முதலில் இரண்டு செக்குகளின் படங்களையும் காட்டி, விளக்கம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். "கிடைத்ததும் மறந்துபோய் டெபாசிட் பண்ணிட்டேன்" என்று சொல்கிறவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். அவர்களிடம் தவணைக்கு எழுதி வாங்கினால் முடிந்தது. மறுத்தால் சிறு வழக்கு மன்றம். வேண்டுமென்றே ஏமாற்றியது தெளிவாகத் தெரிந்தால் போலீசில் புகார் கொடுக்கலாம். ஆனால் "பணத்தைக் கொடு, இல்லையென்றால் ஜெயிலுக்கு அனுப்புவேன்" என்று கடிதம் எழுதிவிடாதீர்கள். பணத்துக்காகக் குற்றப் புகாரை மிரட்டலாக்குவதே பல மாநிலங்களில் குற்றம். புகார் கொடுப்பதென்றால் பேசாமல் கொடுங்கள்.

கணக்குப் புத்தகத்தில் மாற்றுச் செக்கைப் புதிய சம்பளமாகப் போடாதீர்கள். பழையதை வாய்ட் (ரத்து) செய்து, அதே சம்பளக் காலத்துக்கு மறு வெளியீடாகப் பதியுங்கள். இல்லையென்றால் டபிள்யூ-2 என்ற வருடாந்தரச் சம்பளப் படிவத்தில் சம்பளம் இரட்டிப்பாகி, ஊழியர் வாங்காத சம்பளத்துக்கு வரி கணக்காகும். இரண்டாவதாகப் போன தொகை ஊழியரிடமிருந்து வரவேண்டிய பாக்கி என்ற கணக்கில் நிற்கட்டும்.

சம்பளத்தை நிறுத்துவதே தவறாகும் இடம்

லேப்டாப்பைத் திருப்பித் தரவில்லை, சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று கோபத்தில் சம்பளச் செக்கை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்த நாட்களுக்கான கூலி கொடுத்தே ஆக வேண்டியது. அதை நிறுத்தினால், கொடுக்காத சம்பளம் என்ற கணக்கில்தான் வரும். கலிபோர்னியாவில் வேலையை விட்டு நீக்கியவருக்கு அன்றே கணக்கு முடிக்க வேண்டும். வேண்டுமென்றே தாமதித்தால் 30 நாள் வரையிலான கூலி தண்டமாக ஏறும். கடைக்காரர் அந்தச் செக்கை மாற்றியிருந்தால் அவருக்கும் கொடுக்க வேண்டும். லேப்டாப் சண்டையைத் தனியாகப் போடுங்கள்.

அடுத்த முறை "தொலைந்தது" என்று வந்து நின்றால்

மாற்றுச் செக் கொடுக்கும் முன், வங்கியில் பழையது ஏற்கெனவே கழிந்துவிட்டதா என்று பாருங்கள். "செக் என்னிடம் இல்லை, யாருக்கும் கொடுக்கவில்லை, கிடைத்தால் திருப்பித் தருவேன், அது பணமானால் நான் பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஓரிரு நாள் பொறுக்கச் சொல்லலாம், ஆனால் சம்பள நாள் தாண்டி இழுக்காதீர்கள். ஸ்டாப்பை எழுத்தில் போட்டு, ஆறு மாதம் முடிவதற்கு முன் புதுப்பிக்கக் காலண்டரில் குறித்துவையுங்கள். கட்டணம் 30 டாலர் சுமாருக்கு இருக்கும்.

நிறைய செக் எழுதுகிறவர்கள் பாசிட்டிவ் பே கேட்டு வாங்குங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் இல்லாத செக் வந்தால் வங்கி நிறுத்திக் கேட்கும் முறை அது. இது வங்கிப் பக்க ஓட்டையை அடைக்கும், கடைக்காரர் வந்து கேட்பதை நிறுத்தாது. நியூஜெர்சியில் 2001இல் தீர்ந்த ஒரு வழக்கில், ஒரு கட்டுமான நிறுவனத்தின் பெயரில் போலியாக அச்சிட்ட சம்பளச் செக்குகள் பல கடைகளில் மாறின. அவை தாங்கள் எழுதியவையே அல்ல என்று நிறுவனம் சொல்லியும், செக்கில் இருந்த அச்சுக் கையெழுத்து தங்களுடையதல்ல என்று போதிய ஆதாரம் காட்டாததால் தோற்றது. அச்சுக் கையெழுத்துக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

நீங்கள் ஊழியர் பக்கம் இருந்தால்

தொலைந்ததாக நினைத்த செக் கோட்டுப் பையிலிருந்து கிடைத்தால், மாற்று வாங்கிய பிறகு அதை எங்கும் கொடுக்காதீர்கள். தெரியாமல் டெபாசிட் செய்துவிட்டால் அன்றே முதலாளிக்கும் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். திரும்பும் செக்குக்கு உங்கள் கணக்கில் கட்டணம் ஏறும், அதற்குள் எடுத்த பணம் மைனஸில் போகும். கிடைத்த செக்கைக் கிழித்தும் போடாதீர்கள். குறுக்கே கோடு போட்டு, செல்லாது என்று எழுதி, முதலாளியிடம் நேரில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அசல் காகிதம் அவர் கோப்பில் இருந்தால், அதை வைத்து வேறு யாரும் வந்து பணம் கேட்க முடியாது.